இங்கே நல்ல வெயில்

நம் ஊர்க் கடிதங்கள் 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கும். எழுதுகிறவருக்குக் காய்ச்சல் அடித்தாலும் சரி, கடன்காரன் வாசலில் நின்றாலும் சரி, முதல் வரி அதுதான். ஆங்கிலேயர்களுக்கு அந்த இடத்தில் வானிலை. அதிலும் 1947க்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அதை விட்டால் வேறு தொடக்கமே கிடையாது. மழையும் கரிப்புகையும் பிடித்த ஊரில் அம்மாவை விட்டுவிட்டு வந்தவர்கள் வேறு என்ன எழுத முடியும்? 'இங்கே நல்ல வெயில். பிள்ளைகள் நாள் முழுக்க வெளியில்தான் கிடக்கிறார்கள்.'

நான் அடிலெய்டின் வடக்குப் புறநகர் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். என் தெருவில் இருக்கும் வயசானவர்களில் பலர் அப்படி வந்தவர்கள். அறுபது வருஷம் ஆகியும் பேச்சில் லங்காஷயரும் கிளாஸ்கோவும் போகவில்லை. அவர்களோடு பேசப் பேசத்தான் எனக்கு இந்த வரலாற்றில் ஆர்வம் வந்தது. கப்பல், அமைச்சர், ஒப்பந்தம் என்று பெரிய விஷயங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. நான் தேடியது சின்ன விஷயம். இவர்கள் வீட்டுக்கு என்ன செய்தி அனுப்பினார்கள், எதை அனுப்பவில்லை, பண்டிகை நாளில் என்ன செய்தார்கள்? ஓர் அரசு வெயிலைக் காட்டி ஆள் சேர்த்ததும், வந்தவர்கள் அதே வெயிலைக் காட்டி வீட்டாரைச் சமாதானப்படுத்தியதும் இதற்குள்தான் இருக்கின்றன.

பத்து பவுண்ட்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 70 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு கண்டம் முழுக்க அவ்வளவு பேர்தான். 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்தப் பயம் போர் முடிந்தும் போகவில்லை. 1945இல் நாட்டின் முதல் குடிவரவு அமைச்சராக ஆர்தர் கால்வெல் பொறுப்பேற்றார். 'மக்களைப் பெருக்கு, இல்லையேல் அழிந்து போ' என்பது அன்றைய கோஷம். மக்கள் என்றால் எல்லா மக்களும் அல்ல. முதலில் வேண்டியவர்கள் பிரிட்டிஷ் வெள்ளையர்கள்.

1947இல் திட்டம் தொடங்கியது. பெரியவர்களுக்குக் கப்பல் கட்டணம் 10 பவுண்ட். சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம். உண்மையான கட்டணம் சுமார் 120 பவுண்ட். மிச்சத்தை இரண்டு அரசுகளும் ஏற்றுக்கொண்டன. ஒரே நிபந்தனை: குறைந்தது இரண்டு வருஷம் இருக்க வேண்டும். அதற்குள் திரும்பினால் அரசு கொடுத்த பணத்தைக் கட்டிவிட்டு, ஊருக்குப் போகும் கட்டணத்தையும் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும். இப்படி வந்தவர்களுக்குத்தான் ஆஸ்திரேலியர்கள் 'டென் பவுண்ட் பொம்ஸ்' என்று பேர் வைத்தார்கள். பொம் என்பது ஆங்கிலேயரைச் சீண்டிக் கூப்பிடும் சொல்.

யார் போனார்கள்? பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் போர் முடிந்த பிரிட்டன் நாம் சினிமாவில் பார்க்கும் பிரிட்டன் அல்ல. போரின்போதுகூடத் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டிக்கு 1946இல் ரேஷன் வந்தது. இறைச்சிக்கான ரேஷன் 1954 வரை நீடித்தது. 1947 குளிர்காலம் மகா மோசம். பனியில் ரயில்கள் நின்றன, நிலக்கரி போய்ச் சேரவில்லை, வீடுகளில் மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் இருக்கும் ஆஸ்திரேலியா ஹவுஸில் வரிசை நின்றதில் ஆச்சரியமே இல்லை. சுவரொட்டிகளில் கடற்கரை, நீல வானம், சிரிக்கும் குடும்பம். வீடும் வேலையும் கிடைக்கும் என்பது ஒரு பக்கம். வெயில் கிடைக்கும் என்பது இன்னொரு பக்கம்.

வெயிலை மருந்தாக நினைத்துப் போன குடும்பங்களும் உண்டு. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரதமரான ஜூலியா கில்லார்ட் வேல்ஸில் பாரி என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் அவருக்கு நுரையீரல் அழற்சி வந்தது. வெப்பமான நாட்டுக்குப் போனால் நல்லது என்று பெற்றோருக்கு ஆலோசனை சொன்னார்கள். 1966இல் குடும்பம் அடிலெய்டுக்கு வந்தது. பீ ஜீஸ் இசைக்குழுவின் கிப் சகோதரர்கள் 1958இல் குயின்ஸ்லாந்துக்கு வந்தவர்கள். இப்படி 1972 வரை வந்த பிரிட்டிஷார் பத்து லட்சத்துக்கும் மேல். 1969இல் மட்டும் 80,000 பேருக்கு மேல்.

கொழும்பில் ஒரு நாள்

கப்பல் பயணம் நான்கிலிருந்து ஆறு வாரம். டில்பரியிலோ சவுத்தாம்ப்டனிலோ ஏறினால் மத்தியதரைக் கடல், போர்ட் சைட், சூயஸ் கால்வாய், ஏடன், பிறகு பெரும்பாலான கப்பல்களுக்குக் கொழும்பு. அதற்கப்புறம் ஃப்ரீமான்டில் வரை தண்ணீர் மட்டும்தான். பலருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய விடுமுறை இந்தப் பயணம்தான். மூன்று வேளையும் யாரோ சமைத்துப் போடுகிறார்கள், சாயந்திரம் நடனம், பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஆலைத் தொழிலாளியும் தபால்காரரும் பஸ் கண்டக்டரும் அதுவரை அப்படி ஒரு மாதத்தைப் பார்த்ததில்லை. என் தெருவில் யாரைக் கேட்டாலும் கப்பலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். இறங்கிய பிறகு நடந்ததைக் கேட்டால்தான் பேச்சு சுருங்கும்.

கொழும்புத் துறைமுகம் பற்றியும் சொல்வார்கள். இறங்கிச் சுற்றிப் பார்த்தது, தேயிலை வாங்கியது, அன்னாசி தின்றது, மரத்தில் செய்த குட்டி யானை. அந்த யானை இன்னும் சில வீடுகளில் டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது.

கொழும்பு என்று கேட்டதும் எனக்கு வேறொன்று தோன்றும். அந்தக் கரையில் தேயிலைப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த தமிழருக்கும் சிங்களருக்கும் அந்தக் கப்பல் எந்த விலையிலும் கிடைக்காது. 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைப் பார்த்துக்கொண்டது. தோலின் நிறம் என்று சட்டத்தில் எழுதவில்லை. வந்து இறங்குகிறவருக்கு ஏதாவதோர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் கொண்ட பத்தியைச் சொல்லி எழுதச் சொல்லலாம் என்று மட்டும் இருந்தது. எந்த மொழி என்பதை அதிகாரி முடிவு செய்வார். வேண்டாதவர் தோற்கும் வரை மொழியை மாற்றலாம். இந்த எழுத்துத் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது. இலங்கையிலிருந்து போக விரும்பிய பறங்கியர்கள்கூடத் தங்கள் வம்சத்தில் ஐரோப்பிய ரத்தம்தான் அதிகம் என்று காட்ட வேண்டியிருந்தது. இனக் கொள்கையை விட்லாம் அரசு 1973இல்தான் முற்றாகக் கைவிட்டது.

ஆகவே பத்து பவுண்ட் என்பது டிக்கெட்டின் விலை மட்டும்தான். அதை வாங்கும் தகுதி பிறப்பிலேயே வந்துவிடும். டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் கடிதங்களில் இதற்கு இடமில்லை. யானைக்கு இருந்தது.

நீலத் தாள்

போன தலைமுறைக்கு ஏரோகிராம் தெரியும். மெல்லிய நீலத் தாள். எழுதி, மூன்றாக மடித்து, ஓரத்தை ஒட்டினால் அதுவே உறை. இரண்டாம் உலகப் போரில், 1941இல், மத்திய கிழக்கில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக இது வந்தது. எடை குறைவு, அதனால் விமானத்தில் மலிவாக அனுப்பலாம். போருக்குப் பிறகு குடும்பங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஒரு வாரம், பத்து நாளில் போய்ச் சேரும்.

இந்தத் தாளுக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, இடம் குறைவு. இரண்டாவது, உள்ளே எதையும் வைக்கக் கூடாது. ஒரு போட்டோ வைத்தாலும் தனிக் கட்டணம். அதனால் வாரா வாரம் போகும் செய்தி வேறு, எப்போதாவது போகும் போட்டோ வேறு. போட்டோவுக்கு நல்ல உடை போட்டுக்கொண்டு நிற்பார்கள், பின்னால் வீடோ காரோ தெரியும். கடிதத்தில் மிச்சம்.

என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 1964இல் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் லங்காஷயரிலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அம்மாவுக்குக் கடிதம். ஐந்து வருஷம் ஒரு ஞாயிறும் தவறியதில்லை என்கிறார். அவர் அம்மா இறந்த பிறகு, தங்கை அந்தக் கடிதங்களையெல்லாம் கட்டி இவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் இவர் எழுதியது இவரிடமே இருக்கிறது. அம்மா எழுதியது வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. சிலவற்றை எனக்குப் படிக்கக் கொடுத்தார்.

வந்த முதல் மாதங்களில் எழுதியவை அவை. 'தற்காலிகமாக ஓர் இடத்தில் இருக்கிறோம். சின்னது, ஆனால் வசதி. சமைக்கும் வேலை இல்லை. வெயில் பிரமாதம்.' இவ்வளவுதான் இருந்தது. அந்தத் தற்காலிக இடம் அரசு விடுதி. நிஸன் கொட்டகை என்று ஒன்று உண்டு. நெளித் தகரத்தை அரை வட்டமாக வளைத்துத் தரையில் கவிழ்த்தது போலிருக்கும். போருக்காகச் செய்தது. புதிதாக வந்த குடும்பங்களைப் பல இடங்களில் அதில்தான் தங்க வைத்தார்கள். ஒரு கொட்டகையைத் தடுத்து இரண்டு குடும்பம். குளியலறை, கழிப்பறை எல்லாம் பொது. சாப்பாடு பொதுக் கூடத்தில்; ஆட்டிறைச்சியாகப் போட்டுத் தள்ளுவார்கள். ஜனவரி மாதத்து அடிலெய்டில் தகரக் கூரைக்குக் கீழே இருப்பது எப்படி என்று நம்மூர் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இதையெல்லாம் ஏன் எழுதலை?" என்று கேட்டேன்.

"எழுதினா? 'நான் அப்பவே சொன்னேன்'னு அம்மா எழுதியிருப்பா. இல்லைன்னா ராத்திரி முழுக்க அழுதிருப்பா. ரெண்டுல எதையும் நான் தாங்கியிருக்க மாட்டேன்," என்றார்.

இந்தப் பக்கமும் வாய் திறக்க முடியாது. ஆஸ்திரேலியர்களிடம் குறை சொன்னால் 'புலம்பும் பொம்' என்று முத்திரை விழும். அந்தப் பேர் இன்றைக்கும் இருக்கிறது. அரசே செலவழித்துக் கூட்டி வந்திருக்கிறது, உனக்கு என்ன கேடு என்பார்கள். ஊரிலும் சொல்ல முடியாது, இங்கேயும் சொல்ல முடியாது. மிஞ்சியது வெயில்.

ஆலிஸ்டர் தாம்சன் என்ற வரலாற்றாசிரியர் இப்படி வந்த நான்கு பெண்களின் கடிதங்களையும் படங்களையும் நினைவுகளையும் வைத்து 2011இல் 'மூவிங் ஸ்டோரீஸ்' என்ற நூலை எழுதினார். அதற்கு முன் ஜேம்ஸ் ஹாமர்டனோடு சேர்ந்து 2005இல் 'டென் பவுண்ட் பொம்ஸ்' எழுதியவர். அந்த நூலின் துணைத் தலைப்பு இவர்களை 'கண்ணுக்குத் தெரியாத குடியேறிகள்' என்கிறது. நல்ல பெயர். மொழி ஒன்று, ராணி ஒன்று, தோல் ஒன்று. இவர்களுக்கு ஊர் ஏக்கம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இத்தாலியரும் கிரேக்கரும் அழுதால் புரிந்துகொண்டவர்கள்கூட, ஆங்கிலேயர் அழுதால் சிரித்தார்கள்.

கடிதத்தில் வராததில் சில பல வருஷம் கழித்துப் புத்தகத்தில் வந்தன. பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் 1960களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவிலிருந்து வந்த குழந்தை. அடிலெய்டுக்கு வடக்கே 1955இல் தொடங்கப்பட்ட, ராணியின் பெயரைக் கொண்ட எலிசபெத் என்ற புதுநகரில் வளர்ந்தார். அந்த வீட்டின் குடியையும் அடியையும் வறுமையையும் 2016இல் வந்த 'வொர்க்கிங் கிளாஸ் பாய்' என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாடு மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று வந்தவர்கள் தங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதைத்தான் அந்தப் புத்தகம் காட்டுகிறது.

நாற்பது டிகிரியில் கிறிஸ்துமஸ்

வருஷம் முழுக்கச் சமாளித்துவிடலாம். டிசம்பர் வந்தால் கஷ்டம்.

கிறிஸ்துமஸ் என்பது ஆங்கிலேயனுக்குக் குளிர்காலப் பண்டிகை. நான்கு மணிக்கே இருட்டிவிடும். வெளியே குளிர், உள்ளே நெருப்பு. அந்த இருட்டுக்கு எதிராகத்தான் மெழுகுவர்த்தியும் கொழுத்த சாப்பாடும். அதை அப்படியே தூக்கிக் கோடைகாலத்தின் நடுவில் வைத்தால் எப்படி இருக்கும்? சித்திரை வெயிலில் மார்கழி பஜனை மாதிரி. ஆனாலும் செய்தார்கள். 40 டிகிரியில் அடுப்பைப் பற்றவைத்து வான்கோழி வறுத்தார்கள். புட்டிங் மணிக்கணக்காக வெந்தது. கடை ஜன்னல்களில் பஞ்சால் பனி. அடிலெய்டில் 1933இலிருந்து நடக்கும் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் தாத்தா கம்பளி உடுப்போடு வருவார். பார்க்கும் பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் நிற்பார்கள்.

ஊரிலிருந்து வரும் வாழ்த்து அட்டைகளிலும் பனிதான். கப்பல் தபாலில் போகும் பார்சலை அக்டோபரிலேயே அனுப்பியாக வேண்டும். பாட்டி பின்னிய கம்பளிச் சட்டை டிசம்பர் வெயிலில் வந்து சேரும். பேரப்பிள்ளைகள் அதை ஐந்து நிமிடம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கழற்றிவிடுவார்கள். படம் பாட்டிக்குப் போகும். பாட்டிக்குச் சந்தோஷம்.

இந்த ஊருக்கென்று புதுப் பழக்கங்களும் உருவாகியிருந்தன. மெல்போர்னில் 1938இல் நார்மன் பேங்க்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் 'கேரல்ஸ் பை கேண்டில்லைட்' என்ற கூட்டுப் பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கினார். முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு அவர் வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு முதியவள் ஜன்னலோரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். இப்படி யாரும் தனியாகப் பாட வேண்டாம் என்று தோன்றியதாம். கோடை இரவில் புல்வெளியில் உட்கார்ந்து பாடும் பழக்கம் அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. வெட்டவெளியில் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருவதெல்லாம் லண்டன் டிசம்பரில் நினைத்துப் பார்க்க முடியாது. குளிர்கால பக்தி ஆஸ்திரேலிய வெயிலோடு ஒத்துப்போன இடம் இது என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவின் முதல் கிறிஸ்துமஸ் கடிதத்தையும் படித்தேன். 'கடற்கரைக்குப் போனோம். கிறிஸ்துமஸ் அன்று கடலில் குளித்தோம், நம்புவாயா?' என்று இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். போனது உண்மை, குளித்தது உண்மை என்றார். "ஆனா வீட்ல இருக்க முடியலைன்னுதான் போனோம். மேஜையில ஆறு பேருக்குத் தட்டு வெக்கிற பழக்கம். நாங்க நாலு பேருதானே இருந்தோம்? அவர் ஒண்ணும் பேசலை. நான்தான் பீச்சுக்குப் போலாமான்னேன்."

கொண்டாட்டமாக எழுதப்பட்ட கடற்கரை, ஓடிப்போன இடமாகவும் இருந்திருக்கிறது. இரண்டும் பொய் இல்லை. பிற்பாடு அதுவே அவர்களுக்குப் பிடித்துப்போய், பிள்ளைகள் வளர்ந்து, இன்றைக்கு அவர் பேரப்பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் என்றால் இறாலும் குளிர்ந்த பியரும் பாவ்லோவாவும் கடலும்தான். பனி என்றால் சினிமா.

அந்த வெயிலுக்கும் பின்னால் விலை இருந்தது. மங்கிய வெளிச்சத்துக்குப் பழகிய வெளுத்த தோலோடு வந்தவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிடந்தார்கள். தோல் புற்றுநோய் மிக அதிகமாக வரும் நாடுகளில் ஆஸ்திரேலியா முன்வரிசையில் இருக்கிறது. சட்டை போடு, க்ரீம் தடவு, தொப்பி வை என்ற 'ஸ்லிப், ஸ்லோப், ஸ்லேப்' பிரசாரம் 1981இல் வந்தது. சுவரொட்டியில் வெயிலை விற்ற நாடு, வெயிலில் நிற்காதே என்று இன்னொரு சுவரொட்டி ஒட்ட வேண்டி வந்தது.

தந்தி

நல்ல செய்தி பத்து நாளில் வரும். கெட்ட செய்தி ஒரே நாளில் தந்தியாக வரும். அதனால் தபால் ஊழியர் நேரங்கெட்ட நேரத்தில் கேட்டைத் திறந்தாலே வயிற்றைக் கலக்கும் என்கிறார்கள். நம் வீடுகளிலும் அதே கதைதானே? தந்தி என்றாலே அழத் தொடங்கிவிடும் பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம்.

தொலைபேசி இருந்தது, பெயருக்கு. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வானொலி அலை வழியாகப் பேசும் வசதி 1930லேயே வந்துவிட்டது. இரைச்சல் நடுவில் குரல் தேய்ந்து தேய்ந்து கேட்கும். 1963 டிசம்பரில் பசிபிக் கடலுக்கடியில் கம்பிவடம் திறக்கப்பட்டது. சிட்னியிலிருந்து ஆக்லாந்து, ஃபிஜி, ஹவாய் வழியாகக் கனடா போய், அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன். ஒரே நேரத்தில் 80 அழைப்புகள் போகலாம். இரண்டு நாட்டுக்குமாக எண்பதே எண்பது. முன்பதிவு செய்து, ஆபரேட்டர் இணைத்துக் கொடுக்க வேண்டும். வாரக் கூலி வாங்குகிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு மூன்று நிமிடம் பேசுவதே பெரிய செலவு. அந்த மூன்று நிமிடத்திலும், 'நல்லா இருக்கியா', 'நல்லா இருக்கேன்', 'அங்கே மழையா', 'இங்கே வெயில்'. பிறகு யாராவது அழுவார்கள், நேரம் முடிந்துவிடும். ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளிநாட்டுக்கு எண் சுழற்றும் வசதி 1976இல்தான் வந்தது.

பக்கத்து வீட்டு அம்மாவின் அம்மா 1969இல் இறந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, இவர் வழக்கம் போலக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். போகும் நிலையில் இவர் இல்லை. விமானக் கட்டணம் கணவரின் பல மாதச் சம்பளம். கப்பலில் போனால் ஒரு மாதத்துக்கு மேல். சூயஸ் கால்வாய் 1967 போரில் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அடக்கம் முடிந்த பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் போய்ச் சேர்ந்தது. தங்கைதான் பிரித்திருக்கிறார். அதிலும் வெயில்தான்.

அம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகவே உடம்பு சரியில்லை என்பது பிறகுதான் இவருக்குத் தெரியவந்தது. 'அவகிட்ட சொல்லாதே, அங்கேயிருந்து அவ என்ன பண்ணுவா' என்று அம்மா தங்கையிடம் சொல்லி வைத்திருந்தாராம். இவர் தகரக் கொட்டகையை மறைத்தார். அவர் நோயை மறைத்தார். ஐந்து வருஷம் வாரா வாரம் கடிதம் போய் வந்திருக்கிறது.

இதை அன்பு என்று சொல்லலாம், ஏமாற்று என்றும் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது, தூரம் போட்ட கணக்கு இது. போய்ச் சேரப் பணமும் நாளும் இல்லாத இடத்தில், சொல்வது உதவியாகாது. சுமையை இன்னொருவர் தலையில் இறக்குவதாகத்தான் ஆகும். அதனால் இரண்டு பக்கமும் நாகரிகமாக நல்லதை மட்டும் எழுதின. ஆனால் கணக்கு முடியும்போது யாரோ ஒருவர் விடைபெறாமலே நின்றுவிடுகிறார்.

திரும்பிப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

வந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அப்படிப் போனவர்களில் சுமார் பாதிப் பேர் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கே வந்தார்கள். 'பூமராங் பொம்ஸ்' என்று அதற்கும் ஒரு பேர்.

கடிதங்களை வைத்துப் பார்த்தால் இது ஏன் என்று புரிகிறது. ஊரிலிருந்து வந்த கடிதங்களும் நல்லதைத்தான் சொல்லின. அந்த ஊரை நம்பித் திரும்பியவர்களுக்கு அங்கே மழையும் நெரிசலும் காத்திருந்தன. நண்பர்கள் வேறு வாழ்க்கைக்குப் போயிருந்தார்கள். இந்தப் பக்கம் தாங்களே எழுதி அனுப்பிய வெயில் அப்போதுதான் உண்மையாகவே நினைவுக்கு வந்தது. எல்லாருக்கும் அப்படி இல்லை. கிப் சகோதரர்கள் 1967 தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனார்கள், அதே ஆண்டு புகழ் வந்துவிட்டது. அவர்களுக்குத் திரும்ப வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் எலிசபெத் நகரத்து மோட்டார் தொழிலாளிக்கு ஊருக்குப் போய்ப் பார்ப்பது என்பது ஒரு வீட்டை விற்கும் காரியம். போனார்கள், பார்த்தார்கள், வந்தார்கள். அந்த நகரத்தின் பிழைப்பாக இருந்த ஹோல்டன் தொழிற்சாலை 2017 அக்டோபர் 20 அன்று மூடப்பட்டது.

செய்தியே போகாத பிள்ளைகள்

இதுவரை சொன்னதெல்லாம் அவரவர் தாமாக மறைத்தவை. இதே காலத்தில் வேறொரு மறைப்பும் நடந்தது.

பிரிட்டனின் அநாதை இல்லங்களிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் பிள்ளைகளைத் தனியாகக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அப்படி ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்கள் சுமார் 7,000 பேர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். வறுமையிலோ, கல்யாணம் ஆகாமல் பெற்றதாலோ கொஞ்ச நாளைக்கென்று விட்டுப் போயிருந்தார்கள். பிள்ளையிடம் 'உனக்கு யாரும் இல்லை' என்றார்கள். தேடி வந்த தாயிடம் 'நல்ல குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தாச்சு' என்றார்கள். பல பிள்ளைகள் பண்ணை இல்லங்களில் வேலை செய்தும் அடி வாங்கியும், அதைவிட மோசமானதையெல்லாம் அனுபவித்தும் வளர்ந்தார்கள்.

1986இல் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த சமூகப் பணியாளர் மார்கரெட் ஹம்ஃப்ரீஸுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண் எழுதினார். நான்கு வயதில் தன்னைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், தன் குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று. ஹம்ஃப்ரீஸ் முதலில் நம்பவில்லை. தேடத் தேட ஒன்று நூறாயிற்று. அடுத்த ஆண்டு இதற்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2009 நவம்பர் 16 அன்று பிரதமர் கெவின் ரட் ஆஸ்திரேலியாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் கேட்டார். பலருடைய தாய்மார்கள் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

இதைப் பற்றி 2010இல் வந்த படத்தின் பெயர் 'ஆரஞ்சஸ் அண்ட் சன்ஷைன்'. அங்கே ஆரஞ்சும் வெயிலும் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னார்களாம். பெரியவர்களுக்குச் சுவரொட்டியில் சொன்னதையே பிள்ளைகளுக்குத் தின்பண்டத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் முறை

1973க்குப் பிறகு கதவு திறந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் வந்தார்கள். அதன் பிறகு படிப்புக்கும் வேலைக்குமாக எங்களைப் போன்றவர்கள் வந்தோம். கொழும்பில் அந்தக் கப்பலைக் கரையிலிருந்து பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும், கப்பலில் வந்தவர்களும் இன்றைக்கு ஒரே தெருவில் குப்பைத் தொட்டி வைக்கிறோம். தீபாவளி இங்கே வசந்தகாலத்தில், பொங்கல் உச்சிக் கோடையில். பொங்கல் அன்று நாள் முழுக்க ஆபீஸில் இருந்துவிட்டு, வரும் சனிக்கிழமை யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் பானை வைக்கிறோம். காட்டுத்தீ அபாயத்தால் வெளியே நெருப்புக்குத் தடை என்று அறிவித்தால் பானை அடுப்படிக்குப் போய்விடும்.

செய்தி இப்போது நொடியில் வருகிறது. விமானத்தில் ஒரு நாளில் போய்விடலாம். ஆனாலும் போன வருஷம் அப்பா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் தினம் வீடியோவில் பேசினோம். அம்மா போனைச் சாய்த்துப் பிடித்திருந்திருக்கிறாள். மாவுக்கட்டு தெரியாத கோணம். கேட்டபோது, "சொல்லி நீ என்னப்பா பண்ணப் போற, அங்கேருந்து" என்றாள். லங்காஷயர்க்காரி சொன்ன அதே வாக்கியம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

தூரம் குறைந்துவிட்டது. தூரம் இருந்தபோது வந்த வழக்கம் குறையவில்லை. மறைப்பதற்கு இருந்த காரணம் போய்விட்டது. மறைப்பது மட்டும் பாசத்தின் இலக்கணமாக நின்றுவிட்டது. பத்து பவுண்ட் கொடுத்து வந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த பழைய கடிதங்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கடிதம்தான் கிடைக்கும். அதிலும் 'நலம்' தான் நிறைய இருக்கும். எழுதியவரோ வாங்கியவரோ இன்னும் இருக்கிறார்கள் என்றால், அந்த வாரம் அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள்.